சிகாகோ யூனிவர்சிட்டி ஃபுட்பால்: பிக் டென் சாம்பியனா இருந்தவங்க ஏன் மூடிட்டுப் போனாங்க?

கேள்வி இதுதான்: பிக் டென் கான்ஃபரன்ஸ்ங்கற காலேஜ் லீக்கை ஆரம்பிச்ச காலேஜ்கள்ல ஒண்ணு, வருஷத்தோட சிறந்த காலேஜ் ஃபுட்பால் வீரருக்குக் குடுக்கற ஹைஸ்மன் ட்ரோஃபியை முதல்ல வாங்கின பையன் படிச்ச இடம், அப்படிப்பட்ட சிகாகோ யூனிவர்சிட்டி 1939ல ஏன் ஃபுட்பால் டீமையே கலைச்சாங்க, ராபர்ட் ஹச்சின்ஸ்னு ஒரு பிரசிடென்ட்டுக்கு விளையாட்டு பிடிக்காததுதான் காரணமா, இப்ப அங்க டீம் இருக்கா, மறுபடி பெரிய லெவலுக்கு வருவாங்களா.

மூடினது ஹச்சின்ஸ்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அவர் 1929ல பிரசிடென்ட்டா வந்து உக்கார்றதுக்கு முன்னாடியே அந்த டீம் கீழ போக ஆரம்பிச்சிருச்சு, அதுக்கான காரணம் 1892ல ஃபுட்பாலை அங்க கொண்டு வந்த விதத்துலயே இருந்துச்சு. படிப்பாளி பிரசிடென்ட் ஒருத்தர் வந்து விளையாட்டைக் கொன்னுட்டார்னு நிறைய பேர் சொல்றத நான் ஏத்துக்கறதில்ல. கொஞ்சம் நீளமாதான் வரும், பொறுமையா படிங்க.

ஆட்டம் தெரியாதவங்களுக்கு முதல்ல ரெண்டு வரி. இது நம்ம ஊர் கால்பந்து இல்ல, அமெரிக்கன் ஃபுட்பால். முட்டை மாதிரி பந்து, சைடுக்கு 11 பேர், 100 கஜம் மைதானம். பந்து கையில இருக்கிற டீமுக்கு 4 சான்ஸ், அதுக்குள்ள 10 கஜம் முன்னேறணும், முன்னேறினா திரும்ப 4 சான்ஸ், எதிர்ப்பக்கம் கடைசிக் கோட்டைத் தாண்டிட்டா டச்டவுன். பந்தை வெச்சிருக்கிறவன் தன்னோட சொந்தக் கடைசிக் கோட்டுக்குப் பின்னாடியே மடக்கப்பட்டா எதிராளிக்கு 2 பாயிண்ட், அதுக்கு சேஃப்டின்னு பேரு. இந்த சேஃப்டிய மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க, 1905 வரும்போது வேணும்.

சிகாகோ யூனிவர்சிட்டி 1890ல ராக்ஃபெல்லர் குடுத்த பணத்துல தொடங்கினது, கிளாஸ் ஆரம்பிச்சது 1892 அக்டோபர். முதல் பிரசிடென்ட் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், ஹீப்ரு மொழி அறிஞர், அதுக்கு முன்னாடி யேல்ல வாத்தியார். அவருக்கு ஒரு விஷயம் தெளிவா தெரிஞ்சுது: கிழக்குக் கரையில ஹார்வர்ட், யேல் எல்லாம் நூத்துக்கணக்கான வருஷப் பெருமையோட நிக்கிறப்போ நேத்து முளைச்ச ஒரு காலேஜோட பேர் நாடு முழுக்கத் தெரியணும்னா நல்ல புரொஃபசர்கள் மட்டும் பத்தாது, சனிக்கிழமை பேப்பர்ல பேர் வரணும். அதனால யேல்ல தன்கிட்ட படிச்ச ஒரு பையனைக் கூப்பிட்டார். பேர் ஏமஸ் அலோன்ஸோ ஸ்டாக். நாட்டோட சிறந்த காலேஜ் ஆட்டக்காரங்கன்னு 1889ல போட்ட முதல் ஆல் அமெரிக்கா டீம்லயே இடம் பிடிச்சவர், பேஸ்பால்லயும் பெரிய பிட்சர், பாதிரியார் ஆகணும்னு படிக்கப் போய் மேடைப் பேச்சு சரியா வரலன்னு விட்டவர். வருஷம் 2,500 டாலர் சம்பளம். அதை விட முக்கியம், சும்மா கோச்சா எடுக்கல, உடற்கல்வித் துறைன்னு ஒரு துறையே உண்டாக்கி, புரொஃபசர் அந்தஸ்து குடுத்து, நிரந்தர வேலையா குடுத்தாங்க. அந்தக் காலத்துல கோச்சுங்கறவர் சீசனுக்கு வந்து சீசன் முடிஞ்சா போற ஆள். காலேஜ் ஸ்போர்ட்ஸ்ல இது ரொம்பப் புதுசு.

இந்த ஏற்பாட்டைத்தான் நான் வேர்னு சொல்றேன். டிக்கெட் வசூல் ஸ்டாக் துறைக்கே போச்சு, செலவும் அவரே பார்த்தார், மத்த புரொஃபசர்கள் யாரும் உள்ள வந்து கணக்கு கேக்க முடியாது. ஹார்ப்பர் இருக்கிற வரைக்கும், அப்புறமும் ரொம்ப நாளைக்கு, ஸ்டாக் சொன்னா சொன்னதுதான். யூனிவர்சிட்டிக்குள்ள ஃபுட்பால் ஒரு தனி ராஜ்யமா வளர்ந்துச்சு. நல்லா ஜெயிக்கிறப்போ அது பலம், வசூல் குறைஞ்சு ஜெயிக்கறதும் நின்னு போனா பக்கத்துல நிக்க ஒரு ஆள் கூட இருக்க மாட்டாங்க, கடைசியில அதுதான் நடந்துச்சு.

முதல் வருஷம் ஆள் பத்தாம ஸ்டாக்கே டீமோட இறங்கி விளையாடினார், ஆரம்ப மேட்சுகள் பக்கத்து ஹைஸ்கூல் பசங்களோடதான். மார்ஷல் ஃபீல்டுன்னு சிகாகோவோட பெரிய ஜவுளிக்கடை முதலாளி நிலம் குடுத்தார், 1893ல மைதானம் ரெடி, அவர் பேரையே வெச்சாங்க, 1913ல அது ஸ்டாக் ஃபீல்டுன்னு மாறிச்சு. அதே 1893ல பக்கத்துல மிட்வேன்னு சொல்ற நீளமான புல்வெளியில உலகக் கண்காட்சி நடந்துச்சு, உலகத்தோட முதல் ஃபெர்ரிஸ் வீல், அதான் நம்ம ஜயண்ட் வீல், அங்கதான் சுத்திச்சு. இன்னைக்கு சிகாகோ பேர்ஸ்ங்கற தொழில்முறை ஃபுட்பால் டீமை மான்ஸ்டர்ஸ் ஆஃப் த மிட்வேன்னு சொல்றாங்கல்ல, அந்தப் பட்டம் முதல்ல இந்த யூனிவர்சிட்டி டீமோடது, பேர்ஸ் அப்புறமா எடுத்துக்கிட்டாங்க. பேர்ஸ் ஹெல்மெட்ல இருக்கற வளைஞ்ச சி எழுத்தும் அப்படித்தான், யூனிவர்சிட்டி அதை 1898லயே போட ஆரம்பிச்சிருச்சு, பேர்ஸ் போட்டது 1962ல. பேர்ஸ் ரசிகர்கள் பல பேருக்கே இது தெரியாது.

ஸ்டாக்குக்கு விளம்பரம் எப்படிப் பண்றதுன்னும் தெரிஞ்சிருந்துச்சு. 1894 டிசம்பர்ல டீமை ரயில்ல ஏத்தி கலிஃபோர்னியா வரைக்கும் கூட்டிட்டுப் போய் கிறிஸ்துமஸ் அன்னைக்கு சான் ஃபிரான்சிஸ்கோவுல ஸ்டான்ஃபோர்டை 24-4ன்னு ஜெயிச்சார், எதிர்ல ஸ்டான்ஃபோர்ட் கோச் யார்னா யேல்ல ஸ்டாக்குக்கே சொல்லிக் குடுத்த வால்டர் கேம்ப். 1896ல தேங்க்ஸ்கிவிங் அன்னைக்கு மிச்சிகனை கொலீசியம்னு ஒரு கூரை போட்ட கட்டடத்துக்குள்ள, மின்சார விளக்கு வெளிச்சத்துல விளையாடி 7-6ன்னு ஜெயிச்சாங்க. 1896லதான் வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸும் அமைஞ்சுது, சிகாகோ, மிச்சிகன், இல்லினாய், மின்னசோட்டா, விஸ்கான்சின், பர்டூ, நார்த்வெஸ்டர்ன்னு 7 பேர். பின்னாடி பிக் டென் ஆனது இதுதான். டேக்கிள், அதாவது ஆளை மடக்கிக் கீழ தள்ளறது, பழகறதுக்குப் பொம்மை, பந்து போறதுக்கு முன்னாடியே ஒரு ஆளை ஓட விடறது, இப்படி இன்னைக்கு ஆட்டத்துல சாதாரணமா இருக்கற பல விஷயங்களுக்கு ஸ்டாக் பேர்தான் சொல்றாங்க. எல்லாமே அவர் கண்டுபிடிச்சதுதானான்னு சண்டை இருக்கு, அந்தச் சண்டைக்குள்ள நான் போகல, ஆனா அவர்கிட்ட விளையாடின பசங்க நாடு முழுக்கப் போய் கோச் ஆனாங்க. 1913ல ஆர்மி டீமை ஃபார்வர்ட் பாஸ்லயே, அதாவது பந்தை முன்னாடி எறிஞ்சே, கவுத்த நோட்ர டேம் டீமோட கோச் ஜெஸ்ஸி ஹார்ப்பர், ஸ்டாக்கிட்ட விளையாடின பையன்.

1905 தேங்க்ஸ்கிவிங் மேட்ச்தான் இந்த டீமோட உச்சம். மிச்சிகன் அப்ப ஃபீல்டிங் யோஸ்ட் கோச்சிங்ல 56 மேட்ச் தோக்காம வந்துட்டு இருந்துச்சு, 55 ஜெயிச்சது, 1 டிரா. நிமிஷத்துக்கு ஒரு பாயிண்ட் அடிக்கிற டீம்னு அவங்களுக்குப் பேரே இருந்துச்சு. நவம்பர் 30, மார்ஷல் ஃபீல்டு, சுமார் 27 ஆயிரம் பேர் கூட்டம், ரெண்டு பக்கமும் ஒரு பாயிண்ட் கூட இல்ல. சிகாகோ குவார்ட்டர்பேக் வால்டர் எக்கர்சால் ஒரு பந்தை நல்ல ஆழமா உதைச்சு அனுப்ப, மிச்சிகனோட டென்னி கிளார்க் அதைத் தன்னோட கடைசிக் கோட்டுக்குப் பின்னாடி பிடிச்சு, அங்கயே நிக்காம வெளிய ஓடப் பார்த்தான், சிகாகோ பசங்க தூக்கி உள்ள தள்ளிட்டாங்க. சேஃப்டி. 2-0. அதுதான் மொத்த ஸ்கோரும். சிகாகோ சாம்பியன், 4 வருஷத்துக்கு மேல ஓடின சாதனை அந்த ஒரு ஓட்டத்துல முடிஞ்சுது. தோல்விக்கு மொத்தப் பழியும் கிளார்க் தலையில விழுந்துச்சு, பேப்பர்கள் பேர் போட்டுத் திட்டினாங்க, வாழ்நாள் பூரா அது அவரை விடல, 1932ல தற்கொலை பண்ணிக்கிட்டார். காலேஜ் பசங்க ஆட்டத்துக்கு ஊர் இவ்ளோ பாரம் ஏத்தி வெச்சா என்ன ஆகும்னு யோசிக்கும்போது எனக்கு முதல்ல வர்ற பேர் அவருதுதான்.

ஜெயிச்ச பக்கமும் சுத்தமா இல்ல. எக்கர்சால் 1904, 1905, 1906 மூணு வருஷமும் ஆல் அமெரிக்கா, சிகாகோ நகரத்தோட செல்லப்பிள்ளை, ஆனா ஹைஸ்கூல்ல தேவையான பாடமே முடிக்காம உள்ள வந்தவர், கடைசி வரைக்கும் டிகிரி வாங்கல. காலியர்ஸ் பத்திரிகை 1905லயே மிட்வெஸ்ட் காலேஜ்கள் எப்படிக் காசையும் சலுகையையும் குடுத்து ஆள் பிடிக்கிறாங்கன்னு தொடரா எழுதிச்சு, அதுல சிகாகோவும் எக்கர்சாலும் நேரடியா வந்தாங்க. அந்த வருஷம் ஆட்டத்துல அடிபட்டுச் செத்த பசங்க எண்ணிக்கையும் சேர்ந்து பிரசிடென்ட் தியோடர் ரூஸ்வெல்ட் வரைக்கும் விஷயம் போய், 1906ல ஃபார்வர்ட் பாஸை அனுமதிச்சு ரூலையே மாத்தினாங்க. வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸும் சீசனுக்கு 5 மேட்ச்தான், ஒருத்தன் 3 வருஷம்தான் விளையாடலாம்னு கட்டுப்பாடு போட்டுச்சு, அது பிடிக்காம மிச்சிகன் கான்ஃபரன்ஸை விட்டே போயிட்டு 1917லதான் திரும்புச்சு. அதாவது 1939ல ஹச்சின்ஸ் சொன்ன குறை எல்லாமே அவர் 6 வயசுப் பையனா இருக்கிறப்பவே அச்சுல வந்தாச்சு.

அதுக்கப்புறமும் 1907, 1908, 1913ல கான்ஃபரன்ஸ் டைட்டில் வந்துச்சு, மேல இருந்து கீழ சட்டுனு விழல. 1922 அக்டோபர்ல பிரின்ஸ்டனோட ஸ்டாக் ஃபீல்டுல நடந்த மேட்சை டெலிஃபோன் லைன் வழியா கிழக்குக் கரை ரேடியோ வரைக்கும் ஒலிபரப்பினாங்க, அந்த மேட்ச்ல சிகாகோ 21-18ன்னு தோத்துச்சு. 1924ல ரெட் கிரேஞ்ச் உச்சத்துல இருக்கிற இல்லினாயோட 21-21 டிரா பண்ணி, அந்த வருஷம் மேட்சுகள்ல 4 வெற்றி, 1 தோல்வி, 3 டிரான்னு ஒரு விசித்திரமான கணக்கோட சாம்பியன் ஆனாங்க. அதுதான் கடைசி டைட்டில்.

அப்புறம் என்ன ஆச்சுங்கறதுதான் உங்க கேள்விக்கு உண்மையான பதில். சுத்தி இருந்த ஸ்டேட் யூனிவர்சிட்டிகள் ராட்சசத்தனமா வளர்ந்துச்சு. ஒஹாயோ ஸ்டேட் 1922ல புது ஸ்டேடியம் கட்டுச்சு, இல்லினாய் 1923ல, மிச்சிகன் 1927ல. ஒவ்வொரு ஸ்டேட்லயும் ஹைஸ்கூல்ல நல்லா ஆடற பையன் தன் ஊர் ஸ்டேட் யூனிவர்சிட்டிக்குத்தான் போவான், ஃபீஸ் கம்மி, ஆயிரக்கணக்கான பசங்க, உடற்கல்வி டிகிரி மாதிரி ஃபுட்பால் பையனுக்கு ஒத்து வர்ற படிப்புகள். சிகாகோ தனியார் யூனிவர்சிட்டி, இளங்கலையில பசங்க கம்மி, அதுலயும் பாதி பேர் நகரத்துலயே வீட்ல இருந்து வந்து படிக்கிறவங்க, ஆராய்ச்சியும் மேற்படிப்பும்தான் அங்க பெருசு. 1931ல வந்த புதுப் பாடத்திட்டத்துல கிளாஸுக்கு வந்தாலும் வராட்டியும் பரவால்ல, ஆனா கடைசியில ஒரு முழுப் பரீட்சை எழுதித் தேறணும்னு ஆக்கினாங்க. ஈசியான பேப்பர் எடுத்துத் தப்பிக்கிற வழி அடைஞ்சு போச்சு. ஆள் எடுக்கிற பந்தயத்துல காசு செலவழிக்க மாட்டோம், தரத்தையும் இறக்க மாட்டோம், ஆனா பிக் டென்ல விளையாடுவோம்னா எப்படி முடியும்?

1932ல ஸ்டாக்குக்கு 70 வயசு. கட்டாய ஓய்வுன்னு ரூல் இருந்துச்சு, ஹச்சின்ஸ் அதை அப்படியே அமல்படுத்தினார். கோச்சிங் இல்லாத ஒரு பதவி தர்றோம்னு சொன்னாங்க, ஸ்டாக் வேண்டாம்னுட்டு கலிஃபோர்னியாவுக்குப் போய் காலேஜ் ஆஃப் த பசிஃபிக்ல 1946 வரைக்கும் கோச்சா இருந்தார், 1943ல 81 வயசுல வருஷத்தோட சிறந்த கோச்னு தேர்வானார். சிகாகோவுல மட்டும் 41 சீசன் இருந்த மனுஷன். அவரோட மொத்த வெற்றி ரெகார்டை பேர் பிரையண்ட்னு ஒரு கோச் தாண்டினது 1981லதான். ரிட்டயர்மென்ட் வயசுங்கற ரூல் நியாயமானதுதான், ஆனா அந்த ஆளோட உடம்பும் மனசும் ரூலுக்கு அடங்கலங்கறதையும் சொல்லியாகணும்.

அவருக்குப் பதிலா வந்தவர் கிளார்க் ஷானசி. அவரோட முதல் மூணு சீசன்லதான் சிகாகோவோட கடைசிப் பெரிய ஆட்டக்காரன் இருந்தான், ஐயோவா ஸ்டேட்ல டுபுயூக் ஊர்க்காரன் ஜே பெர்வாங்கர். ஓடுவான், பாஸ் பண்ணுவான், உதைப்பான், டேக்கிள் பண்ணுவான், சுமாரான டீம்ல ஒத்த ஆளா எல்லாத்தையும் இழுத்தான். மூக்கு உடைஞ்சதுனால முகத்துக்கு ஒரு கவசம் போட்டு ஆடினான், அப்ப அது அபூர்வம். 1934ல மிச்சிகனை 27-0ன்னு ஜெயிச்ச மேட்ச்ல அவனை மடக்கப் பாய்ஞ்ச மிச்சிகன் சென்ட்டருக்குக் கண்ணுக்குக் கீழ வெட்டு விழுந்து தழும்பு நின்னுருச்சு, அந்த சென்ட்டர் பின்னாடி அமெரிக்க பிரசிடென்ட் ஆன ஜெரால்ட் ஃபோர்ட். 1935ல நியூயார்க் டவுன்டவுன் அத்லெட்டிக் கிளப் முதல் தடவையா குடுத்த சிறந்த வீரர் கோப்பை பெர்வாங்கருக்குப் போச்சு, அடுத்த வருஷம் ஜான் ஹைஸ்மன் இறந்ததும் கோப்பைக்கு அவர் பேர் வெச்சாங்க. அந்த சீசன் சிகாகோ 4 ஜெயிச்சு 4 தோத்துச்சு, அப்படி ஒரு டீம்ல இருந்து நாட்டிலேயே சிறந்தவன்னு எடுத்தாங்கன்னா அவன் எப்படி ஆடியிருப்பான்னு பாத்துக்கங்க. தொழில்முறை லீக்கான என்எஃப்எல், காலேஜ் பசங்களை டீம்களுக்குப் பங்கு போட 1936ல முதல் தடவையா நடத்தின டிராஃப்ட்ல முதல் பேரும் அவன்தான், ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் எடுத்து, உரிமையை பேர்ஸுக்கு மாத்திக் குடுத்தாங்க, சம்பளம் ஒத்து வரல, ஒரு நாள் கூட தொழில்முறை ஆட்டம் ஆடாம வேலைக்குப் போயிட்டான். கோப்பையை அத்தை வீட்ல விட்டு வெச்சிருந்தான், அவங்க ரொம்ப நாள் அதைக் கதவு சாத்தாம இருக்க முட்டு குடுக்க வெச்சிருந்தாங்க.

பெர்வாங்கர் போனதும் கதை முடிஞ்சுது. 1938 நவம்பர்ல ஸ்டாக் தன்னோட பசிஃபிக் டீமைக் கூட்டிட்டு, தன் பேர் வெச்ச அதே ஸ்டாக் ஃபீல்டுக்கு வந்து சிகாகோவை 32-0ன்னு ஜெயிச்சுட்டுப் போனார். 1939 இன்னும் கொடுமை. ஹார்வர்டோட 61-0, ஒஹாயோ ஸ்டேட்டோட 61-0, வர்ஜீனியாவோட 47-0, இல்லினாயோட 46-0, எல்லாத்துக்கும் மேல மிச்சிகனோட 85-0. கிரிக்கெட்ல ஃபாலோ ஆன் வாங்கி இன்னிங்ஸ் தோல்வின்னு சொன்னா ஓரளவு புரியும், ஆனா இங்க ஒவ்வொரு டேக்கிள்லயும் உடம்பு அடி வாங்குது. அந்த 85-0 மிச்சிகன் டீமோட கோச் யார் தெரியுமா, ஃபிரிட்ஸ் க்ரைஸ்லர், சிகாகோவுல ஸ்டாக்கிட்ட விளையாடி வளர்ந்தவர், ஃபிரிட்ஸ்ங்கற பட்டப்பேரை வெச்சதே ஸ்டாக். பெரிய டீம்கள்ல ஒண்ணைக்கூட ஜெயிக்கல, வாபாஷ், ஓபர்லின்னு ரெண்டு சின்னக் காலேஜை மட்டும் ஜெயிச்சாங்க, அதே மாதிரி சின்னக் காலேஜான பெலாய்ட் கூட 6-0ன்னு தோக்கடிச்சுட்டுப் போச்சு.

ஹச்சின்ஸ் பத்தி இப்ப சொல்லலாம். 30 வயசுல பிரசிடென்ட் ஆனவர், அதுக்கு முன்னாடி யேல் சட்டக் கல்லூரி டீன். காலேஜ் ஃபுட்பாலுங்கறது வியாபாரம், அதுக்கும் படிப்புக்கும் சம்பந்தம் இல்லன்னு 1938லயே ஒரு வாரப் பத்திரிகையில கட்டுரை எழுதினவர். டிக்கெட் விலையை 10 சென்ட் ஆக்கிட்டா இதுல இருக்கிற அத்தனை தீமையும் போயிடும்னு அவர் சொன்னது பிரபலம். நமக்கு அவரை வேற ஒரு காரணத்துக்காகத் தெரிஞ்சு வெச்சுக்கலாம்: நம்ம விஞ்ஞானி சுப்ரமணியன் சந்திரசேகர் 1937ல சிகாகோவுல வேலைக்குச் சேர்ந்ததுக்குப் பின்னாடி ஹச்சின்ஸோட ஆதரவு இருந்துச்சு, அவர் நிறத்தைக் காரணமா வெச்சு கேம்பஸ்ல பாடம் எடுக்கக் கூடாதுன்னு ஒரு டீன் முட்டுக்கட்டை போட்டப்போ ஹச்சின்ஸ் அதைத் தள்ளிட்டு எடுக்கட்டும்னு உத்தரவு போட்டார். சரின்னு பட்டா யார் எதிர்த்தாலும் செய்யற ஆள்.

1939 டிசம்பர் 21ல டிரஸ்டிகள் ஃபுட்பாலை நிறுத்தறோம்னு அறிவிச்சாங்க. பசங்க ஒரு பக்கம் கோவம், பழைய மாணவர்கள் ஒரு பக்கம் கோவம், ஆனா நாடு முழுக்க நிறைய பேர் பாராட்டினாங்க. என்னைக் கேட்டா முடிவு சரிதான். காசு குடுத்து ஆள் பிடிக்கணும், இல்ல இந்த அடியை வருஷா வருஷம் வாங்கணும், ரெண்டும் வேணாம்னா கான்ஃபரன்ஸை விட்டு இறங்கணும். ஆனா ஹச்சின்ஸ் மேல எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அது மூடினதுக்காக இல்ல, இழுத்தடிச்சதுக்காக. 1933லயே தெரிஞ்ச விஷயம் இது, ஆள் எடுக்க விடாம, படிப்பு ரூலைத் தளர்த்தாம, அதே நேரம் மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட்டுன்னு அட்டவணையையும் குறைக்காம 7 சீசன் விட்டாங்க. அந்த 1939 பசங்க ஸ்காலர்ஷிப்புக்காக வந்தவங்க இல்ல, உண்மையான மாணவர்கள், ஹச்சின்ஸ் எந்த மாதிரி பையன் காலேஜ்ல விளையாடணும்னு எழுதினாரோ அதே மாதிரி பசங்க, அவங்களைத்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் அனுப்பி அடி வாங்க வெச்சாங்க. ஓபர்லின், வாபாஷ் மாதிரி காலேஜ்களோட ஒரு சின்ன அட்டவணை போட்டிருந்தா அந்தப் பசங்களாவது மரியாதையா ஆடியிருப்பாங்க. இதை அப்பவே பண்ணியிருக்கலாம்ங்கறது என்னோட உறுதியான எண்ணம், ஏன்னா 30 வருஷம் கழிச்சு அதையேதான் பண்ணாங்க.

ஷானசி என்ன ஆனார்னும் கேப்பீங்க. 61-0, 85-0 தோத்த கோச்சை 1940ல ஸ்டான்ஃபோர்ட் எடுத்துச்சு, ஸ்டான்ஃபோர்டும் முந்தின வருஷம் ஒரே ஒரு மேட்ச்தான் ஜெயிச்சிருந்துச்சு, எல்லாரும் தலையில அடிச்சுக்கிட்டாங்க. அவர் டி ஃபார்மேஷன்னு ஆளுங்களை நிறுத்தற ஒரு முறையைப் புதுசா மாத்தி அமைச்சு, சீசன் முடிவுல வர்ற ரோஸ் பௌல் மேட்ச்ல நெப்ராஸ்காவை ஜெயிச்சதும் சேர்த்து 10க்கு 10 ஜெயிச்சார். சிகாகோவுல இருக்கிறப்போ பேர்ஸ் முதலாளி ஜார்ஜ் ஹலாஸோட உக்காந்து அதே ஃபார்மேஷனை மெருகேத்தினவர், அதே 1940 டிசம்பர் 8ல பேர்ஸ் என்எஃப்எல் ஃபைனல்ல வாஷிங்டனை 73-0ன்னு ஜெயிச்சப்பவும் அதுல அவர் கை இருந்துச்சு. சிகாகோவுல பிரச்சினை கோச்சிங் இல்லங்கறதுக்கு இதை விட சாட்சி வேணாம்.

அப்புறம் அந்தக் காலி ஸ்டேடியம். மேற்கு கேலரிக்கு அடியில ஒரு ஸ்குவாஷ் கோர்ட் சும்மா கிடந்துச்சு. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல அரசாங்கத்தோட ரகசிய அணுத் திட்டத்துக்கான முதல் அணு உலை சோதனையை நகரத்துக்கு வெளிய ஆர்கான் காட்டுப்பகுதியிலதான் பண்றதா இருந்துச்சு, அங்க கட்டட வேலை ஆள் பிரச்சினையில லேட் ஆனதும், இயற்பியல் விஞ்ஞானி என்ரிகோ ஃபெர்மி இங்கயே பண்ணிடலாம்னார், திட்டத்தோட பொறுப்புல இருந்த ஆர்தர் காம்ப்டன் ஹச்சின்ஸ்கிட்ட கேக்காமலே சரின்னுட்டார், கேட்டா அவர் முடியாதுன்னுதான் சொல்ல வேண்டியிருக்கும்னு. கிராஃபைட் கட்டி, யுரேனியம்னு 57 அடுக்கு அடுக்கி 1942 டிசம்பர் 2 மதியம் மனுஷன் உண்டாக்கின முதல் தொடர் அணுக்கரு வினை அங்கதான் ஓடிச்சு, சக்தி வெறும் அரை வாட். ஊருக்கு நடுவுல, கதிர்வீச்சுத் தடுப்பு இல்லாம இதை ஓட்டினாங்கங்கறது இப்ப நினைச்சாலும் திக்குனு இருக்கு. ஃபுட்பால் இருந்திருந்தா இது நடந்திருக்குமான்னு சிலர் கேப்பாங்க, கோர்ட் கேலரிக்கு அடியிலதானே, நடந்திருக்கலாம், ஆனா சனிக்கிழமை ஆயிரக்கணக்குல ஜனம் வந்து போற இடத்துல ரகசியம் காப்பாத்தறது கஷ்டம். அந்த கேலரிய 1957ல இடிச்சாங்க, 1967ல ஹென்றி மூர் செஞ்ச வெண்கலச் சிற்பம் அந்த இடத்துல வந்துச்சு, பழைய மைதானத்து மேல 1970ல ரீகன்ஸ்டைன் லைப்ரரி திறந்தாங்க.

கான்ஃபரன்ஸ்ல மத்த விளையாட்டுக்காக 1946 வரைக்கும் இருந்தாங்க, அப்புறம் அதையும் விட்டாங்க, காலி இடத்துக்கு மிச்சிகன் ஸ்டேட் வந்துச்சு. ஆனா ஃபுட்பால் மேல ஆசை முழுசா போகல. 1963ல வால்டர் ஹாஸ்ங்கற விளையாட்டு இயக்குநர் உடற்கல்வி வகுப்புன்னு பேர் வெச்சு பசங்களைச் சேர்த்து ஒரு பக்கத்துக் காலேஜோட பழக்க ஆட்டம் வெச்சார், அதுக்கே எதிர்ப்புத் தெரிவிச்சு மாணவர்கள் மைதானத்துல உக்காந்து மறியல் பண்ணாங்க, பெரிய வியாபாரம் திரும்ப உள்ள வந்துருமோன்னு அவ்ளோ பயம். கொஞ்ச வருஷம் கிளப் டீமா ஓட்டி, 1969ல முறையான யூனிவர்சிட்டி டீமா திரும்ப வந்துச்சு. ஸ்டாக் அதைப் பார்க்கல, 1965ல 102 வயசுல போயிட்டார்.

இப்ப இருக்கறது டிவிஷன் 3, அதாவது அமெரிக்கக் காலேஜ் ஸ்போர்ட்ஸோட மூணாவது மட்டம். ஃபுட்பால் ஆடறான்னு ஸ்காலர்ஷிப் கிடையாது, மத்தவங்க மாதிரி படிப்புல தேறித்தான் உள்ள வரணும். 1986ல வாஷிங்டன் யூனிவர்சிட்டி, எமரி, கார்னகி மெலன், என்ஒய்யூ மாதிரி படிப்புக்குப் பேர் போன தனியார் யூனிவர்சிட்டிகளோட சேர்ந்து யூனிவர்சிட்டி அத்லெட்டிக் அசோசியேஷன்னு ஒண்ணை ஆரம்பிச்சாங்க, டிக் மலோனி கோச்சா இருந்தப்போ 1998ல அதுல சாம்பியன் ஆனாங்க. அங்க ஃபுட்பால் வெச்சிருக்கற காலேஜ்கள் குறைஞ்சு போனதால 2017ல இருந்து ஃபுட்பாலுக்கு மட்டும் மிட்வெஸ்ட் கான்ஃபரன்ஸ். புது ஸ்டாக் ஃபீல்டு பழைய இடத்துல இருந்து கொஞ்ச தூரம் தள்ளி இருக்கு, பெர்வாங்கரோட கோப்பை இப்ப ராட்னர் ஜிம் கட்டடத்துல கண்ணாடிக்குள்ள இருக்கு, போனா பாக்கலாம்.

பிக் டென்னுக்குத் திரும்ப வருவாங்களான்னா, வாய்ப்பே இல்ல. இன்னைக்கு பிக் டென் டிவி ஒப்பந்தம் பில்லியன் டாலர் கணக்குல போகுது, 80 ஆயிரம், 1 லட்சம் பேர் உக்கார்ற ஸ்டேடியங்கள், ஒவ்வொரு டீம்லயும் ஸ்காலர்ஷிப் பசங்க மட்டுமே எத்தனையோ பேர், இதுல எதையும் சிகாகோ கேக்கவும் இல்ல, தேவையும் இல்ல. படிப்புப் பக்கம் மட்டும் உறவு விடல, 1958ல பிக் டென் யூனிவர்சிட்டிகள் லைப்ரரி, ஆராய்ச்சின்னு பகிர்ந்துக்க ஒரு கூட்டமைப்பு தொடங்கினப்போ சிகாகோவையும் ஒரு உறுப்பினரா சேர்த்துக்கிட்டாங்க, ஃபுட்பால் விட்டுப் போனவங்கன்னு யாரும் ஒதுக்கல.